பார்த்துவிட்டு இல்லையென்ற குருவி

பிள்ளைகளே, உங்கள் நைனாவாகிய நான் பொய் சொன்னவன். விளையாட்டுப் பொய்யல்ல... ஒரு நல்ல மனிதரைத் தம் கண்களையே நம்பாதபடி செய்த பொய்!

முனிரத்தினம் பெரியப்பாவை உங்களுக்குத் தெரியும். பங்காருபாளையத்திலிருந்து கோடைதோறும் சைக்கிளில் மாங்காய் கட்டிவந்து, குயில்போலக் கூவிக் காட்டுவாரே, நான் அண்ணன் என்று அழைக்கிறேனே, அவர்தான்.

நீங்கள் பிறக்குமுன், சித்தூரில் அவரும் நானும் சேர்த்து நாங்கள் நான்கு பேர் பறவைப் பைத்தியங்கள். ஞாயிறு மாலை டீக்கடையில் கூடி, அந்த வாரம் கண்டதைச் சொல்வோம். டேனியல் வாத்தியார் நோட்டில் எழுதுவார். அரிய பறவையானால் இரண்டு பேர் கண்டிருக்க வேண்டும். ஒருவர் சொல் மட்டும் நோட்டில் ஏறாது.

ரிப்பன்போல நீண்ட வெள்ளை வாலுள்ள குருவி ஒன்று உண்டு. குளிர்காலத்தில் வந்துபோகும். கோடையில் எங்களில் யாரும் கண்டதில்லை. நான் ஐந்து கோடைகளாக அதைத் தேடி அலைந்தவன்!

ஒரு மே மாதம், மாந்தோப்பில், பம்புசெட்டுக் கால்வாயோரம் அண்ணன் என் தோளை அமுக்கினார்.

"தோ பாரு பா!"

பார்த்தேன்... அதே வெள்ளை வால் குருவி, தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழும்பியது. என்ன அழகு! ஆனால் முதலில் கண்டவர் அவர்... நானல்ல. அது பறந்துவிட்டது.

"பாத்தியா?"

"எங்கே அண்ணா?" என்றேன்.

ஞாயிறன்று அவர் சொன்னதும், வாத்தியார் என்னைக் கேட்டார்: "நீயும் கூடத்தானே இருந்தே?"

"இருந்தேன் சார். எனக்கு ஒண்ணும் தெரியல."

"ஏமி அண்ணா, வெயில்ல கொக்குக்கு வாலு மொளைச்சுதா?" என்று தையல்கடை யேசுதாஸ் சிரித்தான். வாத்தியார் பேனாவை மூடினார்.

அண்ணன் என்மேல் பாய்ந்திருக்கலாமே! பாயவில்லை. "அவன் பொய் சொல்லமாட்டான் சார். என் கண்ணுதான் கெட்டுப்போச்சு" என்றார்.

மறுவாரம் வேலூருக்குப் போய்க் கண்ணைக் காட்டி வந்தார். பார்வையில் குறையே இல்லையாம்... அதற்கும் பயந்தார். "அப்போ மனசுதான் ஏமாத்திக்கினு இருக்குது பா."

அப்போதாவது வாய் திறந்தேனா? இல்லை! சொன்னால் அவருக்குத் தம் கண்மேல் நம்பிக்கை திரும்பும். எனக்கு அண்ணன் இல்லாமல் போவார். ஒவ்வொரு முறையும் என் நலனையே பார்த்துக்கொண்டேன்.

போன வாரமும் வந்திருந்தார். நீங்கள் மாங்காய்க்கு அடித்துக்கொண்டிருந்தீர்கள். நம் முருங்கையில், தினமும் காணும் பறவைதான், ஒன்று வந்து உட்கார்ந்தது. அவர் என்னருகே குனிந்து, உங்கள் காதில் விழாதபடி கேட்டார்:

"அது மைனாதானே பா?"

"மைனாதான் அண்ணா" என்றேன்.

சந்தோஷமாகத் தலையாட்டினார்...