கப்பலில் போய்வந்த மழைக்கோட்டுகள்

உலக வர்த்தகத்தை எல்லோருக்கும் நியாயமானதாக ஆக்க முடியுமா என்ற கேள்வி முதன்முதலில் என் காதில் விழுந்தது இலங்கையில், பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கு அப்பால் ஒரு தேயிலை மலையில், கொட்டும் மழையில். கேட்டவர் ஒரு வெள்ளைக்கார அம்மா. பதில் சொல்ல வேண்டியவர்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள். நடுவில் மொழிபெயர்க்க நான், சேற்றில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

எண்பதுகள் தொடங்கியிருந்தன. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். பதுளையில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் என்பதால் எனக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு என்று தோட்டம் முழுக்க நம்பியது. நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. அதே தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்து வளர்ந்ததால் சாதாரண நாட்களில் எல்லோருக்கும் நான் ‘புள்ள’. காரியம் ஆகவேண்டிய நாட்களில் மட்டும் ‘டீச்சர்’.

அந்த அம்மா ஐரோப்பாவில் ஏதோ ஒரு சங்கத்தைச் சேர்ந்தவர். தேநீர் குடிக்கிறவர்கள் அதைப் பறிக்கிறவர்களைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது சங்கத்தின் கொள்கை. யோசிக்கத் தேவையானவற்றைச் சேகரிக்க வந்திருந்தார். கூடவே தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரையும் வந்தார். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபின் வந்த துரை அவர். கண்டிப்பக்கத்துச் சிங்கள மனிதர். ஆள் மாறியிருந்தாரே தவிர தொப்பி, கைத்தடி, நாய் மூன்றும் பழைய வெள்ளைத்துரை காலத்து மாதிரியே இருந்தன.

அம்மாவுக்கு ஜீப் டிரைவர் குடை பிடித்தார். அந்த அம்மா முதல் கேள்வியைக் கேட்டார். “உலகச் சந்தையில் நீங்களும் ஒரு பங்காளி என்று உணர்கிறீர்களா?”

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எங்கள் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த, எனக்குப் பெரியம்மா முறையான ஒருத்தி முன்னால் வந்தாள். நல்ல உயரம், அதைவிட உயரமான குரல். கங்காணிகளே அவளிடம் பேச யோசிப்பார்கள்.

“சந்தைக்கு நாங்க ஞாயித்துக்கெழமதானே போவோம். இன்னைக்கு ஏன் புள்ள கேக்குறாங்க?”

“அந்தச் சந்தை இல்ல பெரியம்மா. ஒலகம் பூராவும் ஒரே சந்தையாம். அதுல நீங்களும் பங்காளியான்னு கேக்குறாங்க.”

“பங்காளியா?” பெரியம்மா கூடையைத் தலையிலிருந்து இறக்கினாள். “வேணவே வேணாம்னு சொல்லு. எங்க வீட்டுக்காரருக்கு ஊர்ல இருக்குற பங்காளிங்களே போதும். கால் காணி நெலத்துக்கு இன்னும் அடிச்சிக்கிட்டுக் கெடக்குறாங்க.”

இதை எப்படி மொழிபெயர்ப்பது? பங்காளியாக இருப்பதில் அவர்களுக்குக் கசப்பான அனுபவம் உண்டு என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. “எவ்வளவு ஆழமான பார்வை!” என்றார்.

கடைசியாக, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். இதன் பதிலுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. பெரியம்மா இடுப்பில் கட்டியிருந்த கிழிந்த படங்கைத் தூக்கிக் காட்டினாள். முன்பக்கம் நனையாமல் இருக்கக் கொழுந்து பறிக்கிறவர்கள் கட்டிக்கொள்ளும் சாக்குத்துணி அது. அவளுடையது நனைந்து, சேலை நனைந்து, உள்ளே இருந்தவளும் நனைந்திருந்தாள். “மழையில நனையாம வேல செய்யணும். அது போதும்.”

அம்மாவின் கண்கள் கலங்கின. டிரைவர் குடையைச் சற்று சாய்த்துப் பிடித்தார்.

அவர் போய்ப் பல மாதங்கள் ஆயின. மழைக்காலம் முடிந்து, ஆடிமாதக் கச்சான் காற்று மலையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தபோது, பெட்டிகள் வந்து சேர்ந்தன. ஒரு நாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடியிருந்த நேரம், துரையே பெட்டிகளைத் திறக்கவைத்தார். உள்ளே மஞ்சள் நிற மழைக்கோட்டுகள். தலைமூடி வைத்தவை, பளபளப்பானவை, கையில் எடுத்தாலே சரசரவென்று சத்தம் போடுபவை. அப்படி ஒரு துணியை நாங்கள் யாருமே பார்த்ததில்லை.

பெரியம்மாதான் முதலில் போட்டுப் பார்த்தாள். அந்த உயரத்துக்கே கோட்டு கணுக்காலைத் தொட்டது. கைகள் விரலுக்குக் கீழே ஒரு சாண் தொங்கின. தலைமூடிமேல் கூடைக்கயிற்றை மாட்டினாள். கயிறு வழுக்கிக் கழுத்துக்கு வந்தது. மறுபடி மாட்டினாள், மறுபடி வழுக்கியது.

“நல்ல கோட்டு,” என்றாள். “போட்டுக்கிட்டு சும்மா நிக்கலாம்.”

நான் ஒரு கோட்டின் கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சிறிய வெள்ளைத் துணியில் ஆங்கில எழுத்து. இலங்கையில் தயாரிக்கப்பட்டது.

“என்ன போட்டிருக்கு டீச்சர்?” என்று கேட்டார்கள். சொன்னேன். கொழும்புக்கு அந்தப் பக்கம் ஏற்றுமதிக்கென்று புதிதாகத் திறந்த வர்த்தக வலயத்தில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் தைத்து, கப்பலேறி, ஐரோப்பாவுக்குப் போய், ஒரு கடையில் தொங்கி, எங்கள்மேல் இரக்கப்பட்டவர்கள் வாங்கி, மறுபடி கப்பலேற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்று விளக்கினேன்.

“நேரா ரயில்ல ஏத்தியிருந்தா மழைக்கு முன்னாடியே வந்திருக்குமே,” என்றாள் பெரியம்மா.

எனக்கு வேறொன்று தோன்றியது. அங்கே நின்றிருந்த பெண்களில் பாதிப்பேர் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர்கள். அவர்களில் பலருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் கப்பலுக்குக் காத்திருந்தவர்களும் உண்டு. கோட்டுக்கு மட்டும், தான் இலங்கையில் பிறந்ததற்கான அத்தாட்சி கழுத்திலேயே தைத்திருந்தது. அதைச் சொல்லவில்லை. சிரித்திருப்பார்கள், ஆனால் அந்தச் சிரிப்பை என்னால் தாங்கியிருக்க முடியாது.

பிரச்சினை பிறகுதான் ஆரம்பித்தது. வந்த கோட்டுகள் இரண்டு லயத்துக்குக்கூடக் காணாது. தோட்டத்திலோ நான்கு டிவிஷன், ஒவ்வொன்றிலும் பல லயம். யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்ய ஞாயிற்றுக்கிழமை கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூட்டம் போட்டார்கள். எங்கள் தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கம். ஒரு தலைவர், ஆள்பலம் எங்களுக்கே அதிகம், ஆகவே கோட்டும் எங்களுக்கே என்றார். மற்றவர், சின்னச் சங்கத்தை எப்போதும் நசுக்குகிறார்கள், அதற்குப் பரிகாரமாகக் கோட்டு எங்களுக்கே என்றார். அதிகம் பறிக்கிறவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று கணக்கப்பிள்ளை சொன்னார். அதிகம் நோய்வாய்ப்பட்டவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று மருந்துக்காரர் சொன்னார். கங்காணிமார் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுக்காரிகள் ஏற்கெனவே அளவு பார்த்துவைத்திருந்தார்கள். துரை வந்து, சீட்டுக் குலுக்கிப் போடுவோம், உலகம் முழுக்க அதுதான் நியாயமான வழி என்றார். அவர் ஒருவர்தான் எப்போதுமே சீட்டில்லாமல் கோட்டு வைத்திருந்தவர்.

ஒரு மாதம் அவை மடுவத்து மூலையில் கிடந்தன. உலகத்துக்கே நியாயம் கேட்க வந்த அந்த அம்மா எங்களுக்கு அனுப்பிவைத்தது கோட்டு மாதிரி தெரிந்தாலும், உண்மையில் அதே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தார்.

கடைசியில் பெரியம்மா பொறுமையிழந்தாள். “டீச்சர், நாளைக்கு ஸ்கூலு லீவுதானே? பதுளைக்கு வா. நானாகிட்ட பேசிப் பாப்போம்.”

நானா என்று எல்லோரும் கூப்பிட்ட முஸ்லிம் முதலாளிக்குப் பதுளை பஜாரில் கடை இருந்தது. திறந்த பொருளாதாரம் வந்தபிறகு அந்தக் கடை அடையாளமே தெரியாமல் மாறியிருந்தது. பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் போய், ஊதாக் காகிதத்தில் சுற்றிய ஆப்பிள் வாசலிலேயே அடுக்கியிருந்தது. பிள்ளைகள் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி மோந்து பார்ப்பார்கள். கண்ணாடி அலுமாரியில் இருந்த எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். ஃபொரின் சாமான்.

நாங்கள் பெட்டியோடு கொண்டுபோயிருந்த கோட்டை நானா தடவிப் பார்த்தார். கழுத்துப்பட்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

“இது நம்ம நாட்டுச் சாமான் தானே. இத யாரு வாங்குவா செல்லுங்க பாப்பம்?”

“நம்ம நாட்டுல பொறந்ததுதான் நானா,” என்றாள் பெரியம்மா. “ஆனா வெளிநாடு போயிட்டு வந்திருக்கு. ஒங்க மாமா மவன் சவுதி போயிட்டு வந்தாரே, அவருக்கு மதிப்பு கூடலியா? பெட்டியப் பாருங்க.”

பெட்டியின் பக்கங்களில் துறைமுக முத்திரைகளும் அந்நிய மொழி எழுத்துகளும் இருந்தன. நானா என்னைப் படிக்கச் சொன்னார். அந்த மொழி எனக்கும் தெரியாது என்றேன். அது அவருக்கு ரொம்பவும் பிடித்துப்போனது.

“டீச்சருக்கே வெளங்காத பாஷையா? அப்ப சரி.”

பேரம் மத்தியானம்வரை நடந்தது. பெரியம்மா காசு கேட்கவில்லை. கனமான பிளாஸ்டிக் ஷீட்டைச் சுருள்சுருளாகக் கேட்டாள். வெட்டினால் தோட்டத்துப் பெண்கள் எல்லோருக்கும் தலைக்கும் இடுப்புக்கும் வரவேண்டும், அதற்குக் குறைந்தால் கோட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு பண்டாரவளைக்குப் போய்விடுவேன் என்றாள். பண்டாரவளையில் போட்டிக் கடைக்காரர் ஒருவர் இருப்பது நானாவுக்குத் தெரியும். அவர் பெருமூச்சுவிட்டு ஒத்துக்கொண்டார்.

அன்பளிப்பை விற்பது தோட்டத்து மானத்தை விற்பதாகும் என்று இரண்டு தலைவர்களும், வரலாற்றில் முதல்தடவையாக, ஒரே குரலில் சொன்னார்கள். மறுநாள் இருவர் வீட்டிலும் பிளாஸ்டிக் ஷீட் போய்ச் சேர்ந்தது. துரை எதையும் பார்க்கவில்லை. அந்த வருஷம் மழை வந்தபோது எங்கள் மலையில் எல்லாப் பெண்களும் இடுப்பில் பிளாஸ்டிக்கோடு நின்றார்கள். அழகாக இல்லைதான். ஆனால் சேலை நனையவில்லை. இருமல் மருந்துக்கு வரிசை குறைந்துவிட்டதாக மருந்துக்காரரே வியந்தார்.

நானாவின் அலுமாரியில் மஞ்சள் கோட்டுகள், அந்நிய எழுத்து தெரியும்படி வைத்த பெட்டியின் பக்கத்தில் தொங்கின. விலை நாளுக்கு நாள் ஏறியது.

அப்போதுதான் துரை பங்களாவிலிருந்து ஆள் வந்தது. அந்த அம்மா வருகிறார். மூன்றாம் நாள். கோட்டுப் போட்ட பெண்களைப் படம்பிடிக்க.

துரை என்னைக் கூப்பிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, “அந்தக் கோட்டுகள் பத்திரமாக ஒரு இடத்தில் இருக்கும் என்று நம்புகிறேன்” என்றார். பத்திரமாகத்தான் இருக்கின்றன, கண்ணாடிக்குப் பின்னால் என்றேன். லொறி தருவதாகச் சொன்னார்.

நானா தலையில் கைவைத்தார். பாதி விற்றுப்போயிருந்தது. மீதியை ஒரு காலைப்பொழுதுக்குத் தருவதாகவும், ஒரு சொட்டு அழுக்குப் படக்கூடாது என்றும், தானும் கூட வருவதாகவும் சொன்னார். வந்தார். மலைப்பாதையில் ஒரு கல்லில் உட்கார்ந்து, தன் சரக்கைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பார்த்து நல்ல வெயில். பெண்கள் மஞ்சள் கோட்டுக்குள் வேர்த்து ஒழுகினார்கள். கோட்டுக்கையை உள்ளே மடித்து ஊசி குத்தியிருந்தேன். அந்த அம்மா படமெடுத்துக்கொண்டே பெரியம்மாவைக் கேட்டார். “இந்தக் கோட்டு உங்களுக்கு உதவியாக இருந்ததா?”

நான் அதைத் தமிழில் சொன்னேன். பெரியம்மா கல்லில் இருந்த நானாவை ஒரு பார்வை பார்த்தாள். “ரொம்ப ஒதவியா இருந்துச்சுன்னு சொல்லு புள்ள. இது இல்லாட்டி இந்த மழையில நாங்க நனைஞ்சு செத்திருப்போம்.”

ஒரு வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தேன். அதில் பொய் ஒன்றுமில்லை. அந்த அம்மா பெரியம்மாவைக் கட்டிக்கொண்டார். உலக வர்த்தகம் எல்லோருக்கும் நியாயமாக இருக்க முடியும் என்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டதாகச் சொன்னார். நானா கல்லிலிருந்து எழுந்து, கட்டிக்கொள்வதில் கோட்டுக் கசங்குகிறதே என்று கையைப் பிசைந்தார்.

ஜீப் திரும்பியதும் கோட்டுகளைக் கழற்றி மடித்தோம். ஒன்றில் கொழுந்துக் கறை பட்டிருந்தது. நானா அதைத் தூக்கிப் பிடித்து, “இத இனி எப்பிடி விக்கிற?” என்று கிட்டத்தட்ட அழுதார்.

பெரியம்மா இடுப்பில் தன் பிளாஸ்டிக்கைக் கட்டிக்கொண்டே சொன்னாள். “நானா, அந்தக் கோட்டு போட்டோவுல வெளிநாட்டுக்குப் போகுது. ரெண்டாந்தடவ. வெலய கூட்டி வையுங்க.”

அவர் கூட்டித்தான் வைத்தார். அடுத்த வாரம் அதை வாங்கியது துரையின் மனைவி என்று கேள்விப்பட்டேன்.