கராஜ் தரையும் மிஞ்சின பூச்சும்

கராஜ் தரைக்கு எபொக்சிப் பூச்சு அடிக்கிறவனுக்கு முதல்ல முட்டி தேயும், அப்புறம் பொறுமை தேயும். பழைய பூச்சு உரிஞ்சு, சொறி புடிச்ச மாதிரி கிடக்கிற தரையைச் சுரண்டி, திரும்ப மினுங்க வைக்கிறதுதான் எங்க பொழப்பு. நானும் கூட்டாளி ரவியும் கஹவத்தைப் பக்கத்துத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுல இருந்து கிளம்பி, ரத்னபுரி, ருவான்வெல்லைன்னு எங்க கூப்பிட்டாலும் போவோம். வாடிக்கையாளர் முன்னால சிரிச்சுக்கிட்டு உள்ளுக்குள்ள பல்லைக் கடிக்கிற தொழில் உங்களுக்கும் வாய்ச்சிருந்தா, வாங்க, நீங்க நம்ம ஆளு.

எனக்கு ஒரு ஆசை இருந்துச்சு. எங்க லயத்து வீட்டுல பொரிஞ்சு போன சிமெந்துத் தரை. மக இப்பதான் தவழுறா. அந்தக் குளிர்லயும் தூசியிலயும் கிடந்து அவளுக்கு இழுப்பு வந்திருச்சு. ராத்திரியில அவ மூச்சு விடுற சத்தத்தைக் கேட்டா எனக்குத் தூக்கமே வராது. எங்கயாவது ஒரு வேலையில பூச்சு மிஞ்சினா, கேட்டு வாங்கி எங்க தரைக்குப் பூசிறணும்னு கிடந்தேன்.

கல்லு பாக்கிற கண்ணு

ரத்னபுரியில ஒரு மாணிக்கக்கல் முதலாளி. வேலை முடிஞ்சு, தரையில முகம் தெரியுது. மிச்சத்தைக் கேக்கலாம்னு வாயைத் திறக்கிறேன், மனுசன் கல்லு பாக்கிற டோர்ச்சை எடுத்துக்கிட்டு தரையில குப்புறப் படுத்துட்டாரு! மூலை மூலையா ஊர்ந்து, ரோலர்ல இருந்து உதிர்ந்த ஒரு இழையைக் கண்டுபிடிச்சாரு. கண்ணுக்கே தெரியாத இழை!

அந்த மூலையைத் திரும்பச் சுரண்டிப் பூசினதுல மிச்சமிருந்ததும் தீந்துச்சு. மறுபடி டோர்ச்சு அடிச்சுப் பாத்துட்டு, சாரத்தைத் தட்டிக்கிட்டே எழும்பிச் சொன்னாரு: "இப்ப சரி பாஸ். முன்னாடி இருந்தது கல்லா இருந்தா, நான் பாதி விலைக்குக்கூட கேட்டிருக்க மாட்டேன்."

நேரம் நல்ல நேரம்

பெல்மதுளைப் பக்கம் ஒரு சிங்கள மாத்தயா, பென்சன் வாங்கின வாத்தியாரு. "ஒரு வாரத்துக்கு வண்டி ஏத்தாதீங்க"ன்னு சிங்களத்துலயே படிச்சுப் படிச்சுச் சொன்னோம். நல்லா தலையாட்டினாரு. மறுநாள் விட்டுட்டு வந்த தரை தேய்க்கிற கிரைண்டரை எடுக்கப் போனா, புதுக் கார் உள்ள நிக்குது, மாலை வேற போட்டிருக்கு. சோசியர் குறிச்சுக் கொடுத்த நெகத் நேரமாம். பூச்சு மேல வயல்ல டிராக்டர் போன மாதிரி ரெண்டு தடம்.

நான் கண்ணு வச்சிருந்த மிச்சம் இந்தத் தடத்துக்கே போயிருமே! "இதைத் திரும்பப் பூசணுமா மாத்தயா?"ன்னு ரவி கேட்டான். அவரு சிரிச்சாரு: "கமக் நே பாஸ், பரவாயில்ல. தடம் நல்ல நேரத்துலதானே விழுந்திருக்கு, அது இருக்கட்டும். மிச்சப் பூச்சை மட்டும் வச்சுட்டுப் போங்க, அடுத்த கார் வாங்கினா உதவும்."

தங்கமான மனுசன்

எபொக்சி ரெண்டு டின்னுல வரும். தனித்தனியா இருக்கிற வரைக்கும் ரெண்டும் சாது. கலந்தா கொஞ்ச நேரந்தான், அப்புறம் சூடேறிக் கல்லு.

ருவான்வெல்லையில ஒரு கடைக்கார ஹாஜியார், தங்கமான மனுசன். மகளைப் பத்திச் சொன்னதுமே, "மிச்சம் முழுக்க உங்களுக்குத்தான்"னு சொல்லிட்டு, எங்களை உக்கார வச்சு பிளேன் டீ கொடுக்கச் சொன்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. டீயைக் குடிச்சுட்டு வந்து பாத்தா, வாளி ஒண்ணு புகையுது. பக்கத்துல ரெண்டு வெறும் டின். ஹாஜியார் குச்சியும் கையுமா நின்னு பாசமாச் சொன்னாரு: "மகன், ரெண்டு டின்னைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல அல்லாட வேணாமேன்னு, ஒண்ணா ஊத்தி நல்லா கலக்கியும் வச்சிட்டேன்."

எங்க வீட்டுத் தரை

கடைசியில ஒரு டொக்டரம்மா வீட்டுல, மூடி திறக்காத ரெண்டு டின்னு கையில கிடைச்சுச்சு. வழி நெடுக மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன்.

எந்த வீட்டுலயும் முதல் வேலையா, ஒரு பொலித்தீன் துண்டைத் தரையில வச்சு, சுத்தி டேப் ஒட்டி, ஒரு ராத்திரி விட்டுப் பாப்போம். அடியில வேர்த்திருந்தா மண்ணுல இருந்து ஈரம் ஏறுதுன்னு அர்த்தம். அந்தத் தரையில பூச்சு நிக்காது, உரிஞ்சிரும். ஊருக்கெல்லாம் செஞ்ச சோதனையை எங்க வீட்டுல அன்னைக்குத்தான் செஞ்சேன். அதுவரைக்கும் ஆசை கண்ணை மறைச்சிருச்சு. விடிஞ்சு பாத்தா, பொலித்தீனுக்கு அடியில முத்து முத்தாத் தண்ணி. கார் நிக்கிற தரைக்கெல்லாம் ஈரம் ஏறாம அடியில தடிச்ச பொலித்தீன் விரிச்சுத்தான் கொங்கிரீட் போடுறாங்க. லயத்துக்கு அதை யாரு நினைச்சா?

சம்சாரம் செல்வி மகளை இடுப்புல வச்சுக்கிட்டு அந்தத் தண்ணியை விரலால தொட்டுப் பாத்தா. அப்புறம் கேட்டா: "நீங்க பூசுற வீட்டுல, கார் வெளிய போற நேரம் மட்டும், நம்ம புள்ளய அந்த கராஜ்ல தவழ விடுவாங்களான்னு கேட்டுப் பாருங்களேன்."

இப்ப எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும், தரையைப் பாக்கிறதுக்கு முன்னாடி, "கார் எத்தனை மணிக்கு வெளிய போகும்?"னுதான் என் வாயில முதல்ல வருது.