கீச்சு மனம் திரும்பவில்லை

கீச்சு, நீ போன நேரத்தில் நான் உனக்குக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை வாயில் வைக்க முடியவில்லை என்று காலையில் சொன்னாய். உன் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, பஸ் பிடித்துக் கோச்சடை வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றி மூடியை அழுத்தும்போது போன் அடித்தது. உன் அப்பாதான். "அமலி, கஞ்சி எடுக்க வேணாம். நீ மட்டும் வா" என்றார். ஆனாலும் வாளியை எடுத்துக்கொண்டுதான் போனேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடிக்கிற சின்னப் புத்தகத்துக்கு எழுதித் தரச்சொன்னார்கள். படிக்கப்போகிறவர்கள் நம் பங்கு மக்கள். அதனால் இனிமேல் அவர்களிடம் பேசுகிறேன், நீ சும்மா கேட்டுக்கொண்டிரு. குறுக்கே பேசாதே. இருந்தபோது அது மட்டும் உன்னால் முடிந்ததே இல்லை.

என்னை உங்கள் எல்லோருக்கும் தெரியும். மெயின் ரோட்டில், வேப்பமரத்தடியில் மீன் விற்கிற அமலி. எட்டாவது வரைக்கும் படித்தவள். என் ஒரே மகள் ஸ்டெல்லா. பிறந்தவுடன் அவள் அழுத அழுகை கதவுக் கீல் மாதிரி இருந்ததால் கீச்சு என்று கூப்பிட்டோம். பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். டெங்கு வந்த ஐந்தாம் நாள் போய்விட்டாள். பதினேழு வயது.

அடக்கப் பூசையில் நம் பங்குச் சாமியார் ஒரு வார்த்தை சொன்னார். இந்தப் பிள்ளை கொஞ்ச காலம் தடுமாறினாள், கடைசியில் மனம் திரும்பித் தாய்த் திருச்சபையின் மடியிலேயே கண்ணை மூடினாள் என்றார். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொல்கிறார்கள். "புண்ணியவதி, மனசு திரும்பிட்டாளே, அது போதும்மா." சாமி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பார்த்ததை அவர் சொன்னார். நான் பார்த்தது வேறு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் மகள் யூத மதத்தில் சேர ஆசைப்பட்டாள். மற்ற வீட்டுப் பிள்ளை ஸ்கூட்டி கேட்கும், நல்ல போன் கேட்கும், ஒருத்தனைக் காட்டி இவன்தான் வேண்டும் என்று நிற்கும். அதற்கெல்லாம் திட்டவும் அடிக்கவும் ஊரில் ஒரு வழி இருக்கிறது. இதற்கு நான் யாரிடம் போய் வழி கேட்பேன்? இந்த ஊரில் யூதர் என்று நான் பார்த்ததெல்லாம், தவக்காலத்தில் நாம் போடுகிற இயேசுவின் பாடுகள் நாடகத்தில் தேங்காய் நாரில் தாடி ஒட்டிக்கொண்டு வருகிறவர்களைத்தான்.

தொடங்கினது நம் கோவிலில்தான். மறைக்கல்வி வினாடி வினாவுக்காகப் பழைய ஏற்பாட்டை முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்தாள். பரிசு ஒரு டிபன் பாக்ஸ். மற்ற பிள்ளைகள் பரிசை வாங்கிக்கொண்டு, படித்ததை மறந்துவிட்டுப் போனார்கள். இவள் மறக்கவில்லை. ஒருநாள் நான் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள்.

"ம்மா, இயேசு சாமி வாழ்நாள் பூரா யூதராத்தான இருந்தாரு. அவரு இருந்த மாதிரி இருக்கணும்னு நெனச்சா தப்பா?"

"அவரு தச்சு வேலையுந்தான் பார்த்தாரு. போயி இழைப்புளியத் தூக்கு, நான் வேணாங்கல" என்றேன்.

சிரித்தாள். சிரித்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட்டேன். அவள் சிரித்தால் விட்டுவிட்டாள் என்று அர்த்தம் இல்லை. அது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது.

அடுத்து மீனுக்கு வந்தாள். செதிலும் துடுப்பும் இருக்கிற மீனைத்தான் யூதர்கள் தின்பார்களாம். "எதுக்கெல்லாம்மா செதில் இருக்கு?" என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து மீன் நாற்றம் என்று மூக்கைப் பொத்திய பிள்ளை. நானும் பெருமையாகச் சொன்னேன். விரால், கெண்டை, சங்கரா, மத்தி எல்லாவற்றுக்கும் உண்டு. கெளுத்தி, வாளை, சுறா, திருக்கைக்குக் கிடையாது. இறாலும் நண்டும் கணவாயும் மீனே கிடையாது என்று அவளாகவே அடித்துவிட்டாள்.

"அப்ப நான் விக்கிறதுல பாதி பாவமாடி?"

"நீ விக்கலாம்மா, திங்கலாம். நான்தான் திங்கக் கூடாது."

"நீதான் இன்னும் ஆகலையே!"

"பழகிக்கிறேன்."

பொடி மீனான அயிரையில்தான் வழக்கு முற்றியது. அவளுக்கு அயிரைக் குழம்பு என்றால் உயிர். அதற்குச் செதில் உண்டா இல்லையா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்து லேபிலிருந்து பூதக்கண்ணாடி வாங்கிவந்து, வாசல் வெளிச்சத்தில் ஒவ்வொரு மீனாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குழம்பு ஆறி ஏடு கட்டிவிட்டது. கடைசியில், "இருக்கு, ஆனா ரொம்பப் பொடிசு. தெரிஞ்சவங்ககிட்டக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு ஊறுகாயை வைத்துச் சாப்பிட்டாள். எம்புட்டு நேரம் ஆய்ந்த அயிரை! தலையில் அடித்துக்கொண்டேன். என் தலையில்தான்.

யூதர்களின் ஓய்வு நாள் அப்போதுதான் தொடங்குகிறது என்று, வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்ற ஆரம்பித்தாள். என் பக்கத்தில் கீரை விற்கிற பாண்டியம்மாள் ஒருநாள் வீட்டுக்கு வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். மறுநாள் கடையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அமலி மக நம்ம பக்கம் வந்துருச்சுடி! வெள்ளிக்கெழம தவறாம வெளக்கு ஏத்துது. நல்ல எண்ணெ வாங்கிக் குடுக்காம அந்தப் புள்ளைய மெழுகுதிரி ஏத்த விட்டுருக்கா பாவி" என்றாள். சொன்னதோடு நிற்காமல் ஒரு காமாட்சி விளக்கையும் ஒரு முழம் பூவையும் கொண்டுவந்து கீச்சு கையில் கொடுத்துவிட்டாள். கீச்சு பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள். விளக்கைத் திருப்பிக் கொடுத்து, விஷயத்தைச் சொன்னாள். பாண்டியம்மாள் விளக்கை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"அவுக ஆளுக மதுரையில எத்தன வீடு இருக்காக?"

"ஒருத்தரும் இல்ல பெரியம்மா."

"பெறகு நல்லது கெட்டதுக்கு யாருடி வருவா?"

நான் ஆறு மாதமாகக் கத்திக் கேட்டதை அவள் ஒரே வரியில் கேட்டுவிட்டாள். கீச்சு பதில் இல்லாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பெரிய வெள்ளியன்று நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பாடுகளின் வரலாறு வாசிக்கும்போது யூதக் கூட்டம் 'சிலுவையில் அறையும்' என்று கத்த வேண்டிய இடத்தில் நாம் எல்லோரும் சேர்ந்து கத்துவோம். இவள் வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். முன்வரிசையில். வீட்டுக்கு வந்து கேட்டேன். "நம்ம இப்புடிக் கத்திக் கத்தித்தாம்மா, யூதருங்க ஊர் ஊரா அடி வாங்குனாங்க. என் வாயால நான் சொல்லமாட்டேன்" என்றாள். அந்த வாரத்திலிருந்து பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதையும் நிறுத்திவிட்டாள். "நம்பாம வாங்குறது திருட்டும்மா" என்றாள். வரிசையில் எனக்குப் பின்னால் அவள் இடம் காலியாக வரும். ஒவ்வொரு ஞாயிறும் என் முதுகு கூசும். ஊர் பார்க்கிறதே என்றுதான். இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

சாமியிடம் இழுத்துக்கொண்டு போனேன். "ஏம்மா, நம்மகிட்ட இல்லாதது அங்க என்ன இருக்கு?" என்று பொறுமையாகத்தான் கேட்டார். இவள், "கேள்வி கேட்டா நீங்க செபம் பண்ணச் சொல்றீங்க சாமி. அவங்க கேள்வி கேக்குறதையே செபம்னு சொல்றாங்க" என்றாள். சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விடுங்கம்மா, காலேஜ் போனா தானா சரியாயிடும்" என்று என்னிடம் சொல்லி அனுப்பிவிட்டார். காலேஜில் அதற்கு மருந்தா வைத்திருக்கிறார்கள்?

இவ்வளவுக்கும் அந்த ஆட்கள் இவளைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. எங்கேயோ தேடி மும்பையில் ஒரு யூதச் சபைக்கு எழுதிப்போட்டாள். பதில் வந்தது. உனக்கு வயது பத்தவில்லை, படிப்பை முடி, நல்ல கத்தோலிக்கப் பெண்ணாக இருந்தாலே கடவுளுக்குப் போதும், எங்களிடம் வரவேண்டிய கட்டாயம் இல்லை என்று. படித்துக் காட்டினாள். எழுதின பெரியவர் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்தது. ஆனால் இவள் துள்ளினாள்.

"வேணாம்னுட்டாங்கம்மா! அவங்க மொதல்ல அப்புடித்தான் சொல்லுவாங்களாம். மூணு தடவ திருப்பி அனுப்புவாங்களாம். இது மொதத் தடவ!"

"கேட்டுப் போன வீட்டுல கதவ மூடுனா வெக்கப்பட்டுத் திரும்பணும்டி. இப்புடியா பல்லக் காட்டுவாங்க?"

"ஆள் சேக்கணும்னு அலையாத வீடும்மா அது. அதான் பிடிச்சிருக்கு."

இந்தப் பிள்ளையோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டினேன். கறியும் பாலும் சேரக் கூடாதாம், கறிச்சோற்றில் தயிர் ஊற்றமாட்டாள், எனக்குக் கோபம். ஓய்வு நாள், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாசுக்குப் போகமாட்டேன் என்பாள், பள்ளிக்கூடத்திலிருந்து எனக்குப் போன். கத்தினேன், அழுதேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அவள் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு லோடுக்குப் போய்விடுவார், தப்பித்துவிடுவார். அவளோ என் கால் வீங்கினால் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே வாதாடுவாள். காலை இழுத்துக்கொள்ளவும் முடியாது, வாதத்தில் ஜெயிக்கவும் முடியாது.

இனி ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்கிறேன். நான்காம் நாள் பிற்பகல். ரத்தத்தில் அணுக்கள் குறைந்துகொண்டே போகிறது என்றார்கள். உயிருக்கு ஆபத்து என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் போன் பண்ணிச் சாமியை வரச்சொன்னேன். நோயில் பூசுதலுக்கு, நோயாளி நெற்றியில் பூசிச் செபிக்கிற எண்ணெயோடு வந்தார். கீச்சுக்கு நல்ல நினைவு இருந்தது. அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். "சாமி, எனக்கு வேணாம்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் என்ன முகத்தோடு நின்றேனோ தெரியாது. "அம்மாவுக்காகன்னா பூசுங்க" என்றாள்.

சாமி என்னைப் பார்த்தார். முடிவு என் வாயில் இருந்தது. "பூசுங்க சாமி" என்றேன்.

ஏன் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவள் ஆன்மாவுக்காகச் சொன்னேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அந்த நிமிஷத்தில் என் மனதில் ஓடினது அது இல்லை. எண்ணெய் பூசாமல் போனால் நம் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுப்பார்களா என்றுதான் ஓடியது. டாக்டரே கைவிரிக்கவில்லை. பெற்றவள் நான், பிள்ளை கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழிக்கு இடம் பார்த்துவிட்டேன்.

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். என் மகள் மனம் திரும்பினாள் என்று இனி சொல்லாதீர்கள். அவள் எந்தப் பக்கம் பார்த்து நின்றாளோ அந்தப் பக்கம் பார்த்தபடியேதான் போனாள். எண்ணெய் எனக்காகப் பூசிக்கொண்டது. எழுத உட்காருவதற்கு முன்னால் இதைச் சாமியிடமும் சொன்னேன். "எழுதுங்கம்மா, அப்படியே போடுவோம்" என்றார். நான் இன்னும் கத்தோலிக்கச்சிதான். ஞாயிறு வருவேன், வரிசையில் நிற்பேன். அவளுக்காகச் செபம் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் இருந்தபடிக்கு அவளை நினைத்துச் சொல்லுங்கள்.

கீச்சு, இனி உன்னிடம். உன் உடுப்பையெல்லாம் கொடுத்துவிட்டேன். புத்தகங்களை உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். 'அம்மாவுக்காகன்னா.' அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. நீ என்னோடு சண்டை போட்டிருந்தால், எனக்குப் பழகின சண்டைதானே, கத்தியாவது தீர்த்திருப்பேன். ஏன்டி, உனக்குத் தெம்பில்லாமல் விட்டுக்கொடுத்தாயா, இல்லை எனக்குத் தெம்பில்லை என்று பார்த்து விட்டுக்கொடுத்தாயா?