அலுமாரிக் கால்களுக்கு வைத்த காவல்

என் கணவரின் உம்மா, ருக்கியா மாமிக்கு எறும்பென்றால் ஆகாது. கொட்டாஞ்சேனை வீட்டில் சாப்பாட்டு அலுமாரியின் நாலு கால்களையும் தண்ணீர்க் கோப்பைகளில் நிறுத்தி, எறும்பு ஏறாமல் காவல் வைத்திருந்தா. தண்ணீர் வற்றினால் எனக்குத்தான் ஏச்சு.

ஜப்பான் யுத்தம் நடந்த காலம். வீடெல்லாம் நுளம்பு, கொசுக்கடியில் என் மகளுக்குக் காய்ச்சல். "எல்லாம் பாக்கியலெட்சுமிட கானால வார சனியன்!" என்று மாமி மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரியை நாள் முழுக்க ஏசினா.

காய்ச்சல் விட்ட அன்று முனிசிப்பல் நுளம்பு இன்ஸ்பெக்டர் வந்தார். அந்நிய ஆண் என்பதால் நாங்கள் திரைக்குப் பின்னால் போனோம். பக்கத்து வீட்டுச் சாக்கடைக் கானைப் பார்க்கச் சொல்லி மாமி உள்ளிருந்தே சத்தம் போட்டா. பார்த்துவிட்டு வந்தவர், அலுமாரியடியில் குனிந்து, மதிலுக்கு அப்பாலும் கேட்கும்படி சொன்னார்:

"கான்ல ஒண்டும் இல்ல, உம்மா. நுளம்புப் புழு உங்கட கோப்பையிலதான் நெளியுது. ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டாப் போதும்."

மறுநாள் மாமி வட்டிலப்பம் செய்து மதிலுக்கு மேலால் பாக்கியலெட்சுமியிடம் நீட்டினா. பலகாரம் வந்த பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. மாலையில் அது திரும்பி வந்தது. உள்ளே ஒரு சின்னப் போத்தல் மண்ணெண்ணெய்.

மாமி விழுந்து விழுந்து சிரித்தா. எனக்கும் அப்போதுதான் காய்ச்சல் விட்ட மாதிரி இருந்தது.