பல்லில் கடித்த வலை

எங்க ஏரியில மீன் பிடிக்கணும்னா மீனவர் சங்கத்துல உறுப்பினரா இருக்கணும். உறுப்பினர் ஆகணும்னா மீன்வளத்துறை ஆபீசர் எதிர்ல நீந்திக் காட்டணும், கிழிஞ்ச வலையை முடிஞ்சு காட்டணும், கடைசியா வீச்சு வலை வீசணும். எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததும் சங்கத்துல அவரு இடம் காலியாச்சு. அந்த இடத்துக்கு நான் எழுதிக் குடுத்தேன். ஊரே கெக்கெக்கேன்னு சிரிச்சுது.

"அண்ணி, உனக்கு எதுக்கு இந்த வேலை? நாங்க பிடிச்சுக்கினு வர்றோம், நீ வித்துக்கினு இரு"ன்னான் கொழுந்தன். அவன் மகனை அந்த இடத்துல நுழைக்கணும்னு அவனுக்கு ஆசை. எனக்கு ஒரு காணி நிலம் கெடையாது. வருசத்துக்கு ஒருவாட்டி ஏரியில பெரிய வலை இழுக்கும்போது வர்ற பங்குதான் வீட்டுல அடுப்பெரிக்கும். அது போச்சுன்னா அடுத்தவன் பிடிச்ச மீனை வாங்கி, சத்தியவேடு சந்தையில உக்காந்து வித்து, மீந்ததைத் துன்னு பொழைக்கணும். போடா, நான் எதுக்கு விடணும்?

பயம்னு ஒண்ணும் எனக்கு இல்லை. கடைசி அஞ்சு வருசமா அவருக்குத் தோள்பட்டை தூக்க முடியாது. ஆளுங்க ஏரிக்கு வர்றதுக்கு முன்னாடி வலை வீசினதெல்லாம் நான்தான். அவரு கூடையைத் தூக்கிக்கினு ஊருக்குள்ள வருவாரு, பேரும் அவருக்கே. அப்போ அதுல எனக்கு வருத்தமே இல்லை.

டெஸ்டு அன்னிக்கு புடவை மேல அவரோட முழுக்கைச் சட்டையை மாட்டிக்கினு போனேன். கரை நெறைய ஜனம். மதகுலேர்ந்து குத்துக்கல்லு வரைக்கும் நீந்தித் திரும்பினேன், மூச்சுகூட வாங்கலை. வலையை ஆபீசரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள முடிஞ்சு குடுத்தேன். மிச்சம் வீச்சு வலை. ரெண்டே வாட்டி வீசலாம், அதுக்கு மேல கெடையாதுன்னுட்டாங்க.

வீச்சு வலையை ரெண்டு கையால மட்டும் வீச முடியாது. பாதியைத் தோள்ல போட்டுக்கினு, ஈயக்குண்டு கோத்த ஓரத்தைப் பல்லுல கடிச்சுக்கணும். உடம்பைத் திருப்பி வீசும்போது சரியான நேரம் பார்த்து வாயைத் திறக்கணும். நான் கடிச்சுக்கினு உடம்பைத் திருப்பினேன். அந்த நேரம் பார்த்து ஆபீசரு ஃபாரத்தைப் பார்த்துக்கினே தெலுங்குல கேட்டாரு: "வயசு எந்தம்மா?"

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. "வயசுக்கும் வலைக்கும் இன்னா சார் சம்பந்தம்?"

வாயைத் திறந்தேன், அவ்ளோதான். வலை ஈரத்துணி மூட்டை கணக்கா பொத்துன்னு என் காலாண்டயே விழுந்துச்சு. கரையில ஒரே சிரிப்பு. என் வாய்தான் எனக்குச் சத்துருன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிச் சொல்லி மாளலை, கேட்டேனா நான்?

வலையை அலசி மறுபடியும் தோள்ல போட்டேன். ஓரத்தைக் கடிச்சேன். கொழுந்தன் கரையிலேர்ந்து கத்தினான்: "அண்ணி, போதும் வா. பொம்பளைக்கு ஆவாத வேலை!" பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கடிச்சுக்கினேன். "அண்ணன் மானத்தை வாங்காதே!"ன்னான் மறுபடியும். அவரோட சட்டை முதுகுல ஈரமா ஒட்டிக்கினு இருந்துச்சு. அண்ணன் மானமாம்! அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து பொங்குச்சு. எல்லாத்தையும் ஈயத்தோட சேர்த்துக் கடிச்சேன். உடம்பைத் திருப்பி, வீசி, அப்பதான் வாயைத் திறந்தேன்.

வலை வட்டமா விரிஞ்சு தண்ணியில உக்காந்துச்சு. இழுத்தேன். நாலு ஜிலேபிக் கெண்டை, ஒரு ரோகு. கரையில ஒருத்தரும் சிரிக்கலை. உதடு கிழிஞ்சு ரத்தம் வந்துக்கினு இருந்துச்சு. அப்படியே ஆபீசருகிட்ட போய், "நாப்பத்தாறு சார், எழுதிக்கோங்க"ன்னேன்.

தை மாசம் பெரிய வலை இழுத்து, கரையில மீனைக் குவிச்சுப் பங்கு போட்டாங்க. உறுப்பினரா எனக்கு அதுதான் மொதப் பங்கு. ஒவ்வொரு பேரா கூப்பிட்டுக்கினே வந்த சங்கத்துக்காரரு, பழக்கதோசத்துல எங்க வீட்டுக்காரரு பேரைக் கூப்பிட்டுட்டாரு. கூடையை எடுத்துக்கினு முன்னாடி போனேன். கண்ணுல தண்ணி முட்டுச்சு. ஆனா அந்தக் கரை முழுக்கக் கேக்கற மாதிரி சொன்னேன்: "அவரு இல்லைங்க. நான் கீறேன்."