நூல் அறைச் சுவருக்கு அப்பால்

கஞ்சி போட்டுக் காயவைத்த பருத்தி நூலுக்கு லேசாகப் புளித்த வாடை ஒன்று உண்டு. சங்கரன்கோவிலில் எங்கள் தறிக்கூடத்தின் பின்னால் இருந்த நூல் அறையில், அந்த வாடைக்கு நடுவே உட்கார்ந்துதான் பதினான்கு வயதில் நான் பேய்க்கதைகள் வாசித்தேன். எழுபதுகளின் கடைசி அது. வகுப்புத் தோழி இரவல் தரும் மாத நாவல்களுக்குச் சரித்திரப் புத்தகம்போல் பழுப்பு அட்டை போட்டிருப்பேன். அப்பா ஏற்கெனவே ஒருமுறை பிடித்துவிட்டார். "இனிமே பேய்ப் புஸ்தகத்தக் கையில பாத்தேன், பள்ளிக்கூடம் கெடையாது" என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர்.

கோடை விடுமுறையில் ஒரு நாள், கரண்ட் போய்த் தறிகள் நின்றிருந்த மத்தியானம், நூல் கட்டுகளுக்குப் பின்னால் நான் இருப்பது தெரியாமல் அப்பா வெளியே பூட்டிக்கொண்டு குருவிகுளத்துக்குப் போய்விட்டார். கூப்பிட்டிருக்கலாம். புத்தகம் மடியில் இருந்தது, வாயைத் திறக்கவில்லை. கதையிலும் ஒரு பெண் பாழடைந்த பங்களாவில் அடைபட்டிருந்தாள். வேர்வையில் பாவாடை உடம்போடு ஒட்ட, அவளோடு நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விம்மியது.

நிஜமாகவே விம்மியது. அலறினேன்.

"யாரு அங்கன?" என்றது கோமதி அத்தையின் குரல்.

அப்பாவின் தங்கை அவள். உடம்பு சரியில்லை என்று சொல்லி ராயகிரியில் புருஷன் வீட்டிலிருந்து வந்து ஒரு மாதமாக எங்களோடு இருந்தாள். அடுத்திருந்த விறகு அறைக்குள் போய் அழுதிருக்கிறாள். சாவி அப்பாவின் இடுப்பில். கையில் பேய்க்கதையோடு அடைபட்டிருப்பதைச் சொன்னேன். அப்பா கண்ணில் படாமல் இருக்க, உத்தரத்துக்குக் கீழே இருந்த காற்றுத் துவாரம் வழியாகப் புத்தகத்தைத் தள்ளச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

"எதுக்கு அத்தை அழுதிய?"

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒங்க மாமா அடிக்காருட்டி. அங்கன திரும்பிப் போக பயமா இருக்கு. அண்ணாச்சிட்ட சொல்லிராத, அவுக பாத்து வச்ச மாப்பிள்ள. நானும் புஸ்தகத்தப் பத்திச் சொல்லமாட்டேன்."

சரி என்றேன். அப்பா வரும்வரை சுவருக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்து அவர் வந்ததும், "நூல் எடுக்கப் போன புள்ளய உள்ள வச்சுப் பூட்டிட்டியளே, அண்ணாச்சி" என்று அவளே முந்திக்கொண்டாள். அப்பா என் தலையைத் தடவினார். என் படிப்பு பிழைத்தது.

அடுத்த மாதம் மாமா வந்து கூப்பிட்டார். அப்பா பழம், பலகாரம் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பஸ்ஸில் ஏறுமுன் அத்தை என்னை ஒருமுறை பார்த்தாள். சொல் என்றா, சொல்லாதே என்றா, எனக்குப் புரியவில்லை. அத்தை விஷயத்தைச் சொன்னால் புத்தக விஷயமும் வெளியே வரும் என்று அந்த நேரத்தில் நினைத்தேன் என்பதை இப்போதும் மறுக்க முடியவில்லை. நாங்கள் போகும்போதெல்லாம் ராயகிரியில் அடுப்படியிலேயே நின்றாள். இருபது வருஷம் அப்படியே இருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தாள்.

தறிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது வரிசையாகக் கடைகள். பெட்டிக்கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களையும் காணோம். அப்பாவும் இல்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்கமாட்டார் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். கேட்டிருப்பார் என்றும் சில நாள் தோன்றும்.