மல்லிகாவுக்கு வந்த கடைசி மெசேஜ்

மல்லிகா இறந்த செய்தி நம் ஹேமாக் குழுவுக்கு வந்தபோது நான் காபிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அவர் கணவர் ராஜசேகர் போட்டிருந்தார். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று இரண்டே வரி. படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. அதற்குச் சற்று முன்னால்தான் மல்லிகாவுக்குத் தனியாக ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தேன். முதல் வேலையாக அதை அழித்தேன். அவர் போனிலிருந்தும் சேர்த்தே அழித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

அந்த மெசேஜில் இருந்தது என் உடல் எடை. வேறொன்றும் இல்லை.

குழுவில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சைனிக்புரி, லோத்குண்டா பக்கத்துப் பெண்கள் சிலர் மாதம் ஒருமுறை காட்டுக்குப் போய், இரண்டு மரங்களுக்கு நடுவே ஹேமாக் கட்டிப் படுத்துவிட்டு வருகிறோம். வீட்டில் இதைத் தூளி என்று கேலி செய்வார்கள். ஆரம்பித்து வைத்தவர் மல்லிகா. காஞ்சன்பாக்கில் ஒரு சோதனைக்கூடத்தில் நாடாக்களையும் கயிறுகளையும் அறுந்துபோகும்வரை இழுத்துப் பார்ப்பதே அவருக்கு உத்தியோகமாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தல் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

அனந்தகிரிக் காட்டுக்கு நான் முதன்முதலாகப் போனபோது துணி காயப்போடும் நைலான் கயிற்றைக் கொண்டு போயிருந்தேன். ஒரு தேக்கில் அதைச் சுற்றி, பலமாக இருக்கட்டும் என்று வீணைக் கம்பி போல இழுத்துக் கட்டினேன். மல்லிகா வந்து பார்த்தார். முடிச்சை அவிழ்த்தார். அதற்குள் மரப்பட்டையில் விரல் பதியும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. அதைத் தடவிக் காட்டி, "நைலான் நக்கோ சுமதி, வேணவே வேணாம். பனியில நனைஞ்சா நீண்டுபோயிடும், காலைல தரையில கிடப்பீங்க. அதுவும் இம்புட்டு மெல்லிசா இருந்தா மரத்தை அறுக்கும். மரம் நம்மளத் தாங்கும். நாமதான் அதைப் புண்ணாக்கக் கூடாது" என்றார். பிறகு தன் பையிலிருந்து நான்கு விரல் அகலத்தில் பாலியெஸ்டர் ஸ்ட்ராப்பை எடுத்து மரத்தைச் சுற்றி மாட்டினார். விறைப்பாக இழுக்கவில்லை, இரண்டு பக்கமும் நன்றாகச் சாய்ந்து இறங்கும்படி விட்டார். "இறுக்கிக் கட்ட கட்ட உங்க எடையைப் போலப் பல மடங்கு கொக்கியை இழுக்கும். தொய்வா விட்டா எல்லாருக்கும் சுகம்" என்றார்.

அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய படுக்கையில் நான் படுக்கவில்லை. முதுகுவலி என்று சொல்லி, வீட்டிலிருந்து கொண்டுபோன மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அதன் பிறகு போன ஒவ்வொரு முறையும் அந்த நாற்காலியும் என்னோடு வந்தது. குழுவில் இருக்கும் நீங்கள் எல்லோரும் அண்ணாந்து இலைகளைப் பார்த்துக் கதை பேசிக்கொண்டிருப்பீர்கள். நான் சுண்டலைப் பங்கு வைத்துக்கொண்டிருப்பேன். துணி கிழிந்து நான் விழுவதையும், நீங்கள் சிரிக்காமல் இருக்கப் பாடுபடுவதையும் மனதுக்குள் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

போன மாதம் எல்லோருக்கும் புது ஸ்ட்ராப் வாங்கலாம் என்று முடிவானது. அவரவர் எடையைத் தனக்குத் தனியாக அனுப்பச் சொன்னார் மல்லிகா. ஸ்ட்ராப், கொக்கி, இரண்டையும் இணைக்கும் கயிறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாங்குதிறன் உண்டு. அதில் எது பலவீனமோ அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்பது அவர் கட்சி. மற்றவர்கள் அனுப்பிவிட்டார்கள். நான் மட்டும் இன்று நாளை என்று இழுத்தடித்தேன். "நீங்க சொல்லலைன்னா நான் எதை வச்சு எடுக்கறது? ஜாதகத்தை வச்சா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும்போதுகூட முள்ளைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பவள் நான் என்று எப்படிச் சொல்வது? கடைசியில் அன்று காலை, வருவது வரட்டும் என்று எண்ணை எழுதி அனுப்பினேன். அப்போது அவர் உயிரோடு இல்லை.

லோத்குண்டாவில் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மல்லிகா. சுற்றி உறவினர்கள், காஞ்சன்பாக் சக ஊழியர்கள், நம் குழுப் பெண்கள். மாலையை வைத்துவிட்டுத் திரும்பியபோது ராஜசேகர் அண்ணா என்னைக் கூப்பிட்டார். கையில் மல்லிகாவின் போன் இருந்தது.

"சுமதி, காலைல நீங்க ஒரு மெசேஜ் போட்டீங்கல்ல? மணியடிச்சது. கண்ணாடியைப் போட்டுட்டுப் பாக்கறதுக்குள்ள அழிஞ்சு போச்சு. என்னம்மா எழுதியிருந்தீங்க?"

"ஒண்ணுமில்லண்ணா. சும்மாதான்."

அவர் தலையாட்டினார். "இல்ல, அவளுக்கு வந்த கடைசி மெசேஜ் அது. அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்றிருந்த அந்த வரியை மறுபடி பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் வாசல்வரை வந்துவிட்டேன். செருப்பில் ஒரு காலையும் நுழைத்துவிட்டேன். என் எடையைப் பற்றிய வெட்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். இது வேறு மாதிரி இருந்தது. ஒரு மனுஷி செத்துக் கிடக்கும்போது என் மானத்தைக் காப்பாற்ற ஓடியிருக்கிறேன். அதற்காக, அவள் புருஷன் காலமெல்லாம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா? செருப்பை உதறிவிட்டு உள்ளே போனேன்.

"அண்ணா, அது என் வெயிட். மல்லிகா கேட்டிருந்தாங்க. நூத்தி நாலு."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் கூடம் அமைதியாக இருந்தது. எல்லோருக்கும் கேட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஹவ்? அப்படியா?" என்றார் அவர். "சொல்லிட்டீங்களா?" அவர் முகம் ஒரு மாதிரி மலர்ந்து, அப்படியே கோணிக்கொண்டு போனது. "ராத்திரி சாப்பிடும்போதுகூடப் புலம்பினாளே. எல்லாரும் சொல்லிட்டாங்க, சுமதி மட்டும் சொல்ல மாட்டேங்கறாங்கன்னு." எழுந்து போய்ப் பெட்டியின் மேல் குனிந்தார். காது கொஞ்சம் மந்தமான அவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது. "மல்லி, சுமதி சொல்லிட்டாங்கடி! நூத்தி நாலாம்! நூத்தி நாலு!"

வாசலில் நின்றவர்கள்வரை கேட்டிருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் அப்போதுதான் அழுதேன்.

என் இழுத்தடிப்பால் மல்லிகா அந்த ஆர்டரைப் போடாமலே போய்விட்டார். காரியம் முடிந்த பிறகு அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் சொன்ன எண்களை அவர் போனில் தேடுவது சரியாகப் படவில்லை. உங்கள் எல்லோரிடமும் குழுவில் மறுபடி கேட்டேன். கேட்பதற்கு முன்னால் என்னுடையதை அங்கேயே எழுதினேன்: சுமதி, 104. அனுப்பியதும் விரல் தானாக அழிக்கும் பொத்தானுக்குப் போனது. வெட்கம் போய்விட்டது என்று சொன்னால் அது பச்சைப் பொய். போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுக் காபி போடப் போனேன்.

மல்லிகாவிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றுதான். எல்லோர் எதிரிலும் கேட்காமல், கேட்பதை விடவும் செய்யாமல், "எவ்வளவு சுமதி?" என்று அவர் விசாரித்த அந்தக் குரல். அனந்தகிரிக்கு அடுத்த முறை போகும்போது நாற்காலியை எடுத்துவரப் போவதில்லை. சுண்டலை வேறு யாராவது பங்கு வையுங்கள்.